மூணு நாளைக்கு சாமான் எடுத்து வச்சா அது ஓவரா?

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம் மக்களே. அக்டோபர் பொறந்தாலே எனக்கும் வீட்டுக்காரருக்கும் இதே சண்டை. புயல், வெள்ளம் வந்தா மூணு நாளைக்கு ஆகும்னு நான் தண்ணி கேன், டார்ச், மாத்திரை, பால் பவுடர்னு எடுத்து வைப்பேன், அவரு "பத்து நிமிஷத்துல எல்லாம் ஆப்ல வருது, வீட்ட ஏன் மளிகைக் கடையாக்குற"ன்னு சிரிப்பாரு. நாங்க ரெண்டாவது மாடி, 2015 வெள்ளத்தப்ப இந்த ஏரியாவுலயே இல்ல, அந்த தைரியம் அவருக்கு. நிஜமாவே நான் ஓவரா பண்றேனா? மாமியாருக்கு இன்சுலின் போகுது, அதான் கவலை.

வேளச்சேரி_பழசு:
சிஸ்டர், மாடில இருக்கோம்னு தைரியமா இருந்தவங்க 2023 மிக்ஜாம் புயல்ல பட்ட பாட்ட பாத்தவன் நான். தண்ணி தேங்கினா ஷாக் அடிக்கும்னு ஈபிலயே ஆஃப் பண்ணிடுவாங்க, கரண்ட் இல்லன்னா மோட்டார் ஓடாது, மேல டேங்க் காலியானா பாத்ரூமுக்குகூட தண்ணி கிடையாது, கீழ சம்ப்ல சாக்கடை கலந்திருக்கும், லிஃப்ட் நிக்கும், டவர்ல பேட்டரி தீர்ந்து ஜெனரேட்டருக்கு டீசல் போகலன்னா சிக்னலும் அவுட், ஜிபேவும் அவுட். டெலிவரி பையன் இடுப்பளவு தண்ணில பைக் ஓட்டுவானா? எங்க தெருவுல ஒருத்தர் சிக்னல் இல்லாத போனை தூக்கிக் காட்டிட்டே நிக்கறாரு, அண்ணாச்சி பாவம் பாத்து கடன் நோட்டுல எழுதிக்கிட்டு ரெண்டு பிரெட் குடுத்தாரு. 2016 வர்தா புயலும் அப்படித்தான், நோட்டு செல்லாதுன்னு சொல்லி ஒரு மாசம்தான் ஆச்சு, ஏடிஎம்ல காசில்ல, கரண்ட் போய் கார்டு மெஷினும் படுத்துருச்சு. நூறும் அம்பதுமா கொஞ்சம் பணம் வீட்ல வைங்க, ஐநூறு நோட்டா வச்சா சில்லறை கிடைக்காது.

பட்டுக்கோட்டை_தம்பி:
மூணு நாள்னு கணக்கு போடறதே சென்னைக்காரங்க சொகுசுங்க 😀 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப கம்பமெல்லாம் சாஞ்சு எங்க பக்கம் உள்கிராமத்துல வாரக்கணக்குல இருட்டு. ஜெனரேட்டர வண்டில வச்சு வீடு வீடா டேங்க் ரொப்பி விடுவாங்க, அதுக்கு தனி காசு. இண்டக்ஷன் மட்டும் வச்சிருந்தவங்க கதி அதோகதி. புயல் சேதி வந்த உடனே இருக்கற குடம், அண்டா எல்லாத்துலயும் தண்ணி புடிச்சு வைங்க, அதுக்கு காசா பணமா.

நாலாம்நம்பர்:
எல்லாம் சரி, ஒத்த ரூம் வாடகைல இருக்கறவன், தினக்கூலி வாங்குறவன் எங்க ஸ்டாக் வைக்கிறது? 2015ல செம்பரம்பாக்கம் ஏரில வினாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்தாங்களே, அடையாறு கரைல இருந்தவன் எத்தன பிஸ்கட் பாக்கெட் வச்சிருந்தா என்ன? கவர்மெண்ட் செய்ய வேண்டியத ஜனங்க தலைல கட்டாதீங்க.

ஊசிக்காரி:
நர்ஸா இருக்கேன், இன்சுலினுக்கு மட்டும் சொல்றேன். இப்ப போட்டுட்டு இருக்கற பாட்டில் பெரும்பாலும் 30 டிகிரிக்குள்ள வெளியிலயே நாலு வாரம் தாங்கும், உள்ள இருக்கற சீட்டுல ஒரு தடவ பாத்துக்கோங்க. பிரிக்காத ஸ்டாக்குக்குத்தான் ஃப்ரிட்ஜ் வேணும். கரண்ட் போனா அத சின்ன டப்பாவுல போட்டு இறுக்க மூடி தண்ணி ஊத்தின மண்பானைக்குள்ள வைங்க, பாட்டில் நனையக்கூடாது. ஐஸ்ல நேரா வச்சிடாதீங்க, உறைஞ்சா தூக்கித்தான் போடணும். சுகர் பாக்கற ஸ்ட்ரிப், ஊசி, டாக்டர் சீட்டு ஜெராக்ஸ் எல்லாம் ஜிப் கவர்ல. அப்புறம் குளுக்கோஸ் பாக்கெட், வயசானவங்க சாப்பாடு தள்ளிப்போனா சுகர் இறங்கிடும்.

வேளச்சேரி_பழசு:
@நாலாம்நம்பர் ஆத்தங்கரைல இருக்கறவங்களுக்கு ஸ்டாக் பிரயோஜனமில்ல, அவங்க சொன்ன உடனே கிளம்பணும், ஆதார் ரேஷன் கார்டெல்லாம் ஒரே பைல இருந்தா போதும். ஆனா எங்கள மாதிரி மாடி வீட்டுக்காரன் ஒரு லிட்டர் பாலுக்காக மீட்புப் படகுக்காரன கூப்பிட்டா அந்த நேரத்துல அங்க ஒரு கர்ப்பிணி மாட்டிட்டு இருப்பாங்க. வசதி இருக்கறவனுக்குத்தான் சொல்றேன்.

நாலாம்நம்பர்:
படகு மேட்டர் ஒத்துக்கறேன். ஆனா கால்வாய் தூர் வாரினாங்களான்னு செப்டம்பர்லயே போய் பாத்து கேள்வி கேக்கறதையும் உங்க லிஸ்ட்ல சேருங்க.

மடிப்பாக்கம்வாசி:
ரொம்ப தேங்க்ஸ். சிஸ்டர், குளுக்கோஸ் எனக்கு தோணவே இல்ல. மூடி போட்ட மண்பானை எங்க பக்கம் எங்க கிடைக்கும், யாருக்காச்சும் தெரியுமா?