ஊடக எழுத்தறிவு ஆய்வு விருது: பலன் தெரியாத ஆய்வுக்கும் தரலாமா?

குழு உறுப்பினர்:
ஊடக எழுத்தறிவுக் கல்வி, அதாவது செய்தியில் மெய் எது பொய் எது என்று பிரித்தறியச் சொல்லித்தருவது பற்றிய சிறந்த ஆய்வுக்கு விருது கொடுக்கும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு கட்டுரைகள் நிற்கின்றன. ஒன்றில், பயிற்சிக்குப் பிறகு மாணவர்களின் தன்னம்பிக்கை மதிப்பெண் எகிறியிருக்கிறது, அதை மேற்கோள் காட்டிய ஆய்வுகளும் ஏராளம். மற்றது கள ஆய்வு. கச்சிதமான வடிவமைப்பு, ஆனால் பயிற்சியால் மாற்றம் இல்லை என்று முடிகிறது. "பலிக்காத பாடத்துக்கு விருதா?" என்கிறார் ஒருவர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. எப்படி வாதாடுவது?

பழைய மதிப்பீட்டாளர்:
முதல் கட்டுரை எதை அளந்தது என்று பாருங்கள். 'பொய்ச் செய்தியை என்னால் கண்டுபிடிக்க முடியும்' என்பதற்கு மாணவர் ஐந்துக்கு எத்தனை போட்டார் என்பதையா? பாடம் நடத்தியவரே தாளை நீட்டினால் பிள்ளைகள் தாராளமாகத்தான் போடுவார்கள். நான் அதிகம் திருப்பி அனுப்புவது இந்த ரகத்தைத்தான்.

இணையத் தகவலை மக்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஆராய்ந்த வைன்பர்க், மெக்ரூ இருவரும் இப்படித் தாங்களே போட்டுக்கொள்ளும் எண்களை நம்பி உட்காரவில்லை. வரலாற்றாய்வாளர்கள் 10, உண்மை சரிபார்ப்பாளர்கள் 10, ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேரைத் திரைமுன் உட்காரவைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களே தளத்தின் சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சட்டென்று வேறு டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். ஆசிரியர் மறுநாளே வகுப்பில் சொல்லித்தரக்கூடிய விஷயம் இது.

உங்கள் இரண்டாவது கட்டுரைக்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2019 பொதுத்தேர்தல் சமயத்தில் அரசியல் அறிவியல் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் 1,224 பேரிடம் நடத்திய ஆய்வு. நேரில் சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி, ஆனால் பொதுவாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. அதை 2021-இல் அமெரிக்கன் பொலிட்டிக்கல் சயின்ஸ் ரிவ்யூ வெளியிட்டது. துறையின் முன்னணி இதழே தயங்காதபோது உங்கள் குழுவுக்கு என்ன தயக்கம்?

புள்ளியியல்காரன்:
ஒரு நிமிடம். மாதிரி சிறியதாக இருந்தாலும், பயிற்சி அரைகுறையாக நடந்திருந்தாலும் 'பலன் இல்லை' என்றுதான் வரும். அதற்கெல்லாம் மாலை போட முடியாது.

பழைய மதிப்பீட்டாளர்:
சரிதான். அதனால்தான் முன்பதிவு செய்த ஆய்வுத் திட்டத்தை, அதாவது எதை எப்படி அளக்கப்போகிறோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிப் பதிந்துவைத்ததைக் கேட்க வேண்டும். அதோடு, யாரிடம் பலன் இல்லை என்பதும் முக்கியம். ஆய்வாளர் ஆண்ட்ரூ கெஸ் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பொய்ச்செய்தியைக் கண்டறிய ஃபேஸ்புக் தந்த குறிப்புகள் அமெரிக்கர்களிடமும், இணையத்தில் இருக்கும் படித்த இந்தியர்களிடமும் வேலை செய்தன. வட இந்தியக் கிராமப்புற மாதிரியில் பலன் தெரியவில்லை. அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டால், எங்கும் பலிக்கும் மருந்து என்று கூவி விற்கத் தொடங்கிவிடுவார்கள்.

குழு உறுப்பினர்:
நன்றி. முன்பதிவுத் திட்டம், மாதிரி அளவைத் தீர்மானித்த கணக்கு, பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற பதிவு மூன்றையும் கேட்டு எழுதப் போகிறேன். முதல் கட்டுரைக்காரர்களிடமும் கேள்வித்தாளைக் கேட்கிறேன். அதில் நிஜச் செய்திப் பக்கம் ஒன்றுகூட இல்லையென்றால் என் வாக்கு இரண்டாவதற்குத்தான்.