ரோட்டில் ஒருத்தர் அடிபட்டுக் கிடந்தால்: வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தொடங்கியவர்:

அடிபட்டவரைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்பார்கள். நாலு பேர் கையில் செல்போன் படம் எடுத்துக்கொண்டிருக்கும். குனிந்து தொடுகிற ஆள் ஒருத்தர் இருந்தால் அதிகம். "மனுசத்தன்மை செத்துப்போச்சு" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கை வைத்தால் கெட்டுவிடுமோ என்ற பயம், மீதிப் பேருக்கு ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்ற பயம். புலம்பல் வேண்டாம். இந்த வேலையிலேயே இருப்பவர்கள் தினம் பார்ப்பதை வைத்து எழுதுங்கள். எதை முதலில் செய்யணும், எது கெடுக்கும், ஏன்.

108 வண்டி மருத்துவ உதவியாளர்:

முதல் தப்பு போன்லயே ஆரம்பிக்குது. "ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க"ன்னு கத்திட்டு கட் பண்ணிடுவாங்க. போன் எடுக்கிறவர் சென்னையில உக்காந்திருக்கார். "பெருமாள் கோயில் வளைவு"ன்னா அவருக்கு எந்த ஊரு, எந்தப் பெருமாள்? மாவட்டம், தாலுகா, ஊர், அப்புறம்தான் அடையாளம். இந்த வரிசையில சொல்லுங்க. அடுத்து எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கா, மூச்சு இருக்கா, யாராவது வண்டிக்குள்ள மாட்டியிருக்காங்களா. மாட்டியிருந்தா தீயணைப்பு வண்டியும் கூடவே வரணும். அதை முதல்லயே சொன்னா ரெண்டும் ஒரே நேரத்துல கிளம்பும்.

ஹைவேன்னா கல்லைப் பாருங்க. தலையில மஞ்சள் அடிச்ச கிலோமீட்டர் கல் நேஷனல் ஹைவே, பச்சைன்னா ஸ்டேட் ஹைவே. ரெண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் வரும். கல்லுல இருக்கிற எண்ணைச் சொல்லிட்டா வண்டி நேரா அங்கதான் வந்து நிக்கும். அதோட, "சென்னை போற பக்கமா, திருச்சி போற பக்கமா" என்பதையும் சேர்த்துச் சொல்லணும். நடுவுல மீடியன் இருக்கு. தப்பான பக்கம் வந்துட்டா, அடிபட்டவர் கண்ணுக்குத் தெரிவார், ஆனா நாங்க அடுத்த திருப்பம் வரைக்கும் போய்ச் சுத்திட்டு வரணும். ஊருக்குள்ளன்னா டிரான்ஸ்பார்மர் பேரு, ரேஷன் கடை, பள்ளிக்கூடம்.

அப்புறம் ரொம்பச் சின்ன விஷயம், ஆனா தினமும் நடக்கிறது. 108-க்கு அடிச்ச அதே போன்லேருந்து உடனே அண்ணனுக்கு, மச்சானுக்குன்னு வரிசையா பேச ஆரம்பிச்சிடுவாங்க. பைலட் (எங்க வண்டி டிரைவரை அப்படித்தான் சொல்றது) வழி கேட்கக் கூப்பிட்டா லைன் பிசி. அந்த ஒரு போனைச் சும்மா வையுங்க. இன்னொருத்தரை ரோட்டோரத்துல நிக்க வையுங்க, ராத்திரின்னா டார்ச்சோட. வண்டி வர்றதுக்குள்ள ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிட்டா திரும்ப 108-க்கு அடிச்சுச் சொல்லிடுங்க. ஆள் இல்லாத இடத்துக்கு நாங்க வந்து நிக்கிற நேரத்துல இன்னொரு ஊர்ல யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்க.

டோல் ரோந்து வண்டிக்காரர்:

நேஷனல் ஹைவேயில் 1033 என்று ஒரு எண் இருக்கிறது. அதற்கும் அடிக்கலாம். டோல் கேட்டில் ஆம்புலன்ஸ், கிரேன், ரோந்து வண்டி மூன்றும் நிற்கும். எது பக்கமோ அது வரட்டும்.

ஓடிப்போய்த் தூக்குவதற்கு முன்னால் பின்னால் வருகிற வண்டியை நினையுங்கள். முதல் விபத்தில் கால் முறிந்தவரைத் தூக்க வந்தவரை அடுத்த லாரி அடிப்பது ஹைவேயில் புதிதல்ல. உங்கள் வண்டியை ஓரம் கட்டி நாலு இண்டிகேட்டரும் எரிய விடுங்கள். ஒருத்தரை ஐம்பது அறுபது மீட்டர் பின்னால் அனுப்பித் துண்டை ஆட்டச் சொல்லுங்கள். முக்கோணப் பலகை இல்லையென்றால் வேப்பங்கிளை. கிளை கிடந்தால் வேகம் குறைக்கணும் என்று எந்த லாரிக்காரருக்கும் தெரியும். வளைவு என்றால் வளைவு தொடங்குவதற்கு முன்னால் போடணும், வளைவுக்குள் போட்டுப் பிரயோஜனமில்லை. முடிந்ததும் கிளையை எடுத்துப் போடுங்கள். பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள், ராத்திரி டூவீலர்காரர் அதில் ஏறி விழுகிறார்.

டூவீலர் மெக்கானிக்:

வண்டியைப் பத்தி நான் சொல்றேன். பைக் ஆள் மேல கிடந்தா இழுக்காதீங்க, தூக்குங்க. ஒருத்தர் ஹேண்டில்பார், இன்னொருத்தர் பின்னாடி கம்பி. இழுத்தா புட்ரெஸ்ட்டும் சைலன்சரும் தோலோட வரும். முதல்ல சாவியை ஆஃப் பண்ணுங்க. பழைய கார்புரேட்டர் வண்டின்னா டேங்குக்குக் கீழ பெட்ரோல் டேப் இருக்கும், அதையும் மூடுங்க. புது பிஎஸ்-6 வண்டியில சாவி ஆஃப் ஆனா பெட்ரோல் பம்ப் நின்னுடும். ஆனா படுத்துக் கிடக்கிற வண்டியில டேங்க் மூடி வழியா ஒழுகும். பக்கத்துல பீடி பத்த வைக்க ஒரு ஆள் கட்டாயம் இருப்பார், அவரைத் துரத்துங்க.

சேலை, துப்பட்டா செயின்ல சிக்கினா சக்கரத்தைச் சுத்தாதீங்க. எந்தப் பக்கம் சுத்தினாலும் இன்னும் இறுகலாம். கழுத்துப் பக்கத்துத் துணியை பிளேடால வெட்டுறதுதான் வழி.

ஹெல்மெட். மூச்சு வந்து, பேச்சுக் குடுத்தா கழட்டாதீங்க. கண்ணாடியை மட்டும் மேல தள்ளுங்க. வாந்தி வந்தாலோ மூச்சுத் திணறினாலோதான் கழட்டணும், அதுக்கு ரெண்டு பேர் வேணும். முதல்ல வாரை அவிழ்க்கணும், வரலைன்னா அறுக்கணும். ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ஒரு கையால தாடையையும் இன்னொரு கையால பிடரியையும் தாங்கிப் பிடிச்சுக்கணும். இன்னொருத்தர் தலைமாட்டுல இருந்து ஹெல்மெட்டோட ரெண்டு ஓரத்தையும் அகட்டி, மூக்கு இடிக்காம மெதுவா மேல எடுக்கணும். வந்ததும் தலை தொப்னு கீழ விழக்கூடாது. தனி ஆளா வெடுக்குனு பிடுங்கினா கழுத்து எலும்பு போயிடும்.

காஷுவாலிட்டி ஸ்டாப் நர்ஸ்:

மெக்கானிக் அண்ணன் சொன்னது அப்படியே சரி. கழுத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஆட்டோ பின்சீட்டில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுவருவதுதான் அதிகம் கெடுப்பது. முதுகெலும்பு முறிந்தவருக்கு விபத்தில் போகாத கால், அந்தப் பத்து நிமிட ஆட்டோவில் போகும். 108 வர நேரமாகும் என்றால் லோடு ஆட்டோ அல்லது டாட்டா ஏஸ் பிடியுங்கள். பலகையோ கதவோ கிடைத்தால் அதில் நேராகப் படுக்க வையுங்கள். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். தலையைப் பிடிக்கிறவர் எண்ணட்டும், மற்றவர்கள் சேர்ந்து தூக்கட்டும்.

ரத்தம்: சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பத்து நிமிடம் கையை எடுக்காதீர்கள். "நின்னுச்சா?" என்று துணியை எடுத்து எடுத்துப் பார்ப்பதால், உறைய ஆரம்பித்தது பிய்ந்து மறுபடி ஓடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். கை காலில் பீய்ச்சி அடித்து எதற்கும் நிற்கவில்லை என்றால் மட்டும் கட்டு. துண்டை மூன்று நாலு விரல் அகலத்துக்கு மடித்து, காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டில் இல்லாமல் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் கையிலேயே எழுதுங்கள். எங்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்த நேரம்தான். ஷூ லேஸ், கேபிள் வயர் வேண்டாம், நரம்பை வெட்டிவிடும். குத்தி நிற்கிற கம்பியைப் பிடுங்காதீர்கள், அடைப்பே அதுதான். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். அதைக் கழுவி எடுப்பதற்கே எங்களுக்குத் தனியாக நேரம் பிடிக்கும்.

விரல் துண்டானால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்து, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் மேலேயே நேராக வைத்தால் சதை வெந்ததுபோல் ஆகிவிடும், தைக்க முடியாது.

தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றால் நம் ஊரில் பாவம் பிடிக்கும் என்பார்கள். அடிபட்டவர் தாகம் என்று கேட்பதே உள்ளே ரத்தம் போகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். குடிக்கக் கொடுத்தால், ஆபரேஷனுக்கு மயக்கமருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும். நினைவில்லாதவர் என்றால் அப்போதே மூச்சுக்குழலில் போகும். ஈரத்துணியால் உதட்டைத் துடையுங்கள், போதும். முகத்தில் சோடா அடிப்பதும் வேண்டாம். தலையில் அடிபட்டு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் எந்தப் பலனும் இல்லை. சுற்றியிருக்கிற கல், கம்பியை நகர்த்துங்கள். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துத் திருப்புங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள்.

108 வண்டி மருத்துவ உதவியாளர்:

அக்கா விட்டதை நான் சேர்த்துக்கிறேன். மூச்சு இல்லை, கூப்பிட்டா அசைவே இல்லைன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அமுக்குங்க. நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாம இறங்கணும். ஒவ்வொரு அமுக்குக்கும் நெஞ்சு முழுசா மேல வரட்டும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாத்துங்க, அதுக்கு மேல ஒரே ஆளால சரியா முடியாது. எப்பவோ ஒருதரம் வாயைத் திறந்து இழுக்கிறதைப் பார்த்து "மூச்சு இருக்கு"ன்னு நிறுத்திடாதீங்க. அது மூச்சு இல்லை.

ஒருவர்:

எல்லாம் சரி. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பேர், விலாசம், போன் நம்பர் என்று பிடித்துக்கொள்கிறார்களே, அதற்கு என்ன பதில்? கவர்ன்மென்ட் இதில் என்ன செய்திருக்கிறது?

மோட்டார் வாகன வழக்கு வக்கீல்:

செய்திருக்கிறது. செய்தது கவுண்டர் வரை இறங்கவில்லை. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்னது. 2019 திருத்தத்தில் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. நல்லெண்ணத்தில், தானாக முன்வந்து, எதையும் எதிர்பாராமல் உதவியவர் மீது, அவர் கவனக்குறைவால் அடிபட்டவருக்குப் பாதிப்போ மரணமோ நேர்ந்தாலும்கூட, சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. 2020 செப்டம்பரில் வந்த விதிகள் இன்னும் தெளிவு. பேரும் விலாசமும் கொடுக்கும்படி போலீசோ மற்றவரோ கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பிச் சாட்சியாக வந்தால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் விசாரிக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற அதிகாரி யூனிபார்மில் வரக் கூடாது. இந்த உரிமைகளை ஆஸ்பத்திரி வாசலில், அந்த ஊர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எல்லை உண்டு. இந்தப் பாதுகாப்பு வழிப்போக்கருக்கு. இடித்த வண்டியின் டிரைவருக்கு 134-ஆம் பிரிவு வேறு. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்வது அவர் கடமை. கூட்டம் அடிக்க வந்தாலோ, அவர் கையை மீறிய வேறு காரணம் இருந்தாலோதான் விலக்கு உண்டு. உண்மையில் நாம் டிரைவரை அடிக்கப் பாய்வதால்தான் அவர் ஓடுகிறார், அடிபட்டவருக்கு இருந்த ஒரு வண்டியும் போய்விடுகிறது. இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. இதைக் கேட்டு வாங்காத குடும்பங்கள் நிறைய.

"போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வாங்க" என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது. அது 1989-லேயே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம்.

காஷுவாலிட்டி ஸ்டாப் நர்ஸ்:

வக்கீல் சார் சொன்ன சட்டம் கவுண்டரில் எப்படி வருகிறது என்றால், ஏ.ஆர். புத்தகம் என்று ஒன்று இருக்கிறது, விபத்துப் பதிவேடு. அதில் "அழைத்து வந்தவர்" என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் எழுதுகிறவருக்குக் கை ஓடாது, அதனால்தான் கேட்டுக்கொண்டே இருப்பார். சண்டை போட வேண்டாம். "வழிப்போக்கர்னு எழுதிக்குங்க, பேர் சொல்ல விருப்பமில்லை" என்று சொல்லுங்கள். ஆனால் எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வண்டி, முதலில் நினைவு இருந்ததா, வாந்தி எடுத்தாரா, இந்த அஞ்சையும் சொல்லாமல் போகாதீர்கள். உங்கள் பேரை விட டாக்டருக்கு அதுதான் வேண்டும்.

பர்ஸ், செயின், செல்போனைத் தனியாக எடுக்காதீர்கள். இரண்டு பேர் முன்னால் எண்ணி, போட்டோ எடுத்து, 108 ஆளிடமோ எங்களிடமோ கொடுங்கள். செல்போனை ஆஃப் செய்யாதீர்கள். வீட்டிலிருந்து எப்படியும் கூப்பிடுவார்கள். எடுத்தால் எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லுங்கள், "சீரியஸ்" என்று சொல்லி அவர்களையும் வண்டியில் பதறியடித்து வரவைக்காதீர்கள்.

பணத்தை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவர் என்றாலும் உண்டு. கொண்டுவந்தவர் அட்வான்ஸ் கட்டணும் என்று யாராவது சொன்னால் இந்தத் திட்டத்தின் பேரைச் சொல்லுங்கள். மத்திய அரசின் திட்டம் 2025 மே முதல் தனியாக இருக்கிறது, 7 நாள், 1.5 லட்சம் வரை.

ஒருவர்:

அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு 25,000 ரூபாய் பரிசு தருகிறார்களாமே?

மோட்டார் வாகன வழக்கு வக்கீல்:

2021-இல் 5,000 ஆக இருந்தது, 2025-இல் 25,000 ஆனது. சும்மா சிராய்ப்புக்குக் கிடையாது. பெரிய ஆபரேஷன், குறைந்தது மூன்று நாள் ஆஸ்பத்திரிவாசம், மூளை அல்லது முதுகெலும்புக் காயம் மாதிரி கடுமையானதாக இருக்க வேண்டும், விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்திருக்க வேண்டும். இதற்குப் பேரும் விலாசமும் கொடுத்தே ஆகணும், ஸ்டேஷனில் ஒப்புகை வாங்கணும். பேர் சொல்லாமல் போகிற உரிமை, பரிசு, இரண்டில் ஒன்றுதான்.

டோல் ரோந்து வண்டிக்காரர்:

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள் என்றால் அங்கே மறுபடியும் கல்லின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அல்லது மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறை. மனு மாற்றிப் போனால் "எங்கள் ரோடு இல்லை" என்று ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கல் எண், பக்கம், பகலில் ஒரு போட்டோ, ராத்திரி ஒரு போட்டோ வையுங்கள். "விபத்து அதிகம்" என்று எழுதாமல் விளக்கு எரியவில்லையா, மீடியனை உடைத்து வழி போட்டிருக்கிறார்களா, வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு அழிந்துவிட்டதா என்று குறிப்பாக எழுதுங்கள். மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

ஹைவே டீக்கடை:

ரோட்டோரம் கடை வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும். ரெண்டு சுத்தமான துண்டு, ஒரு கத்தரி, டார்ச், பேனா, ஒரு நீளப் பலகை (பெஞ்சே போதும்). பக்கத்துக் கல்லோட எண், இது எந்த ஊர் போற பக்கம், தாலுகா பேரு, 108. இது நாலையும் கடைச் சுவத்துல பெரிசா எழுதிடுங்க, பதட்டத்துல யார் போன் பண்ணினாலும் பார்த்துப் படிச்சுடலாம். சுண்ணாம்புல எழுதாதீங்க, ஒரு மழைக்குத் தாங்காது. எனாமல் பெயிண்ட்.