அவசரம்: காப்பீட்டு அட்டை இருந்தும் முன்பணம் கேட்கிறார்கள்

புளியரைக்காரன்: வணக்கம். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் "இதில் வராது" என்கிறார்கள். முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்களாம். வாசலில் காப்பீட்டுத் திட்டப் பலகை ஆளுயரத்துக்கு வைத்திருக்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

தேநீர்ப்பிரியன்: என்ன ஆபரேஷன்? எந்த ஊர்? அரசா, தனியாரா?

கணக்குப்பிள்ளை: நோய் என்னவென்று சொல்லாமல் வைத்தியம் கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியாயிற்று. தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

வல்லநாட்டான்: தம்பி, விழுந்து அடிபட்டதா? அப்படியானால் ஒரு பைசா கட்டாதீர்கள். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். அட்டையே தேவையில்லை.

கணக்குப்பிள்ளை: 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். அரைகுறையாகச் சொல்லி அவரைச் சண்டைக்கு அனுப்பாதீர்கள்.

வல்லநாட்டான்: அவர் எப்படி அடிபட்டது என்று இன்னும் சொல்லவே இல்லையே. உங்களுக்கு மட்டும் தெரிந்துவிட்டதா?

புளியரைக்காரன்: மன்னிக்கவும், வார்டில் சிக்னல் சரியில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தென்காசிப் பக்கம், தனியார்.

ஓய்வுபெற்ற செவிலி: வயது என்ன? சர்க்கரை, இரத்த அழுத்தம் உண்டா? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? வயதானவர்களுக்கு இடுப்பு முறிந்தால் படுக்கையில் நாள் கடத்தக் கூடாது. நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், காலில் இரத்தம் உறையும். புகார் எழுதுவதெல்லாம் பிறகு. முதலில் ஆபரேஷன் எங்கே நடக்கும் என்று முடிவு செய்யுங்கள்.

தேநீர்ப்பிரியன்: "வராது" என்று வாயால் சொன்னார்களா, எழுதிக் கொடுத்தார்களா? இந்தத் திட்டத்தில் மருத்துவமனைதான் ஆன்லைனில் முன் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்து மறுத்தார்களா, விண்ணப்பிக்கவே இல்லையா என்று காப்பீட்டுப் பிரிவில் இருப்பவரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் வழி வேறு. பணம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். இது ரொக்கமில்லாத் திட்டம், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது லேசில் நடக்காது. இன்னொன்று: ஒரு மருத்துவமனை பட்டியலில் இருந்தால் எல்லா நோய்க்கும் இருக்கிறது என்று பொருளில்லை. பிரிவு பிரிவாகத்தான் அனுமதி. பலகை சிறுநீரகத்துக்காக இருக்கலாம், எலும்புக்கு இல்லாமல் இருக்கலாம். 1800 425 3993 கட்டணமில்லா எண், அதில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மருதாணி: அட்டையில் அம்மா பெயர் இருக்கிறதா? எங்கள் மாமியாருக்கு அங்கேதான் சிக்கியது.

புளியரைக்காரன்: 68 வயது. சர்க்கரை உண்டு. அட்டை என் பெயரில் இருக்கிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறார்.

மருதாணி: அதைக் கேட்கவில்லை. ரேஷன் அட்டையில் அம்மா பெயர் எந்தக் குடும்பத்தில் இருக்கிறது?

புளியரைக்காரன்: அண்ணன் அட்டையில். அவரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

கணக்குப்பிள்ளை: ஆக, இவ்வளவு நேரம் நாம் பேசியது வேறு யாருடைய அட்டையைப் பற்றியோ. பெற்றோர் பெயர் எந்தக் குடும்ப அட்டையில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் காப்பீட்டில்தான் வருவார்கள். மருத்துவமனை சொன்னதில் என்ன தவறு?

தேநீர்ப்பிரியன்: "அம்மா பெயர் இதில் இல்லை" என்று காரணம் சொல்லியிருக்கலாமே ஐயா. "வராது" என்று ஒரே சொல்லில் விரட்டுவதற்கா அங்கே ஆள் போட்டிருக்கிறார்கள்?

மருதாணி: அண்ணனோடு பேச வேண்டியதில்லை. அவருடைய ரேஷன் அட்டை எண் கிடைத்தால் போதும். திட்டத்தின் இணையதளத்தில் அதைப் போட்டுத் தேடினால், காப்பீடு இருந்தால் அட்டையே வந்துவிடும். இல்லாவிட்டால்தான் அலைச்சல்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்றிதழ் வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள், பெண்கள் இதற்கெல்லாம் முறைப்பதில்லை.

கொங்கு மைந்தன்: கலைஞர் 2009இல் தொடங்கியபோது இந்த அலைச்சல் எல்லாம் கிடையாது.

வல்லநாட்டான்: அப்போது காப்பீட்டுத் தொகை ஒரு லட்சம்தான். 2012இல் ஜெயலலிதா அம்மா மாற்றி அமைத்த பிறகுதான் திட்டம் உருப்பட்டது.

கொங்கு மைந்தன்: பெயரை மாற்றுவதற்குப் பெயர் மாற்றி அமைப்பதா? ஐந்து லட்சம் ஆனது 2018இல், மத்திய அரசுத் திட்டத்தோடு இணைத்தபோது.

வல்லநாட்டான்: அப்போது இங்கே யார் ஆட்சி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி: ஒரு அம்மாள் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். உங்கள் தேர்தலை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏன் தயங்குகிறீர்கள்? எலும்புப் பிரிவு இருக்கிறது. அட்டை சரியாகும்வரை ஆபரேஷன் வேண்டாம் என்று அங்கே வெளியே நிறுத்த மாட்டார்கள். ஆனால் அட்டை கிடைத்தால் கட்டாயம் கொடுங்கள், காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கும் போகிறது. புறப்படும் முன் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவுகள், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். காலை அசைக்காமல் கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: அரசு மருத்துவமனையில் வரிசை எவ்வளவு நீளம் என்று அக்காவுக்குத் தெரியாததல்ல.

ஓய்வுபெற்ற செவிலி: அந்த வரிசையைப் பார்த்தே வேலை செய்தவள் நான். முன்பணம் கட்ட வழியில்லாமல் வெறுமனே படுத்திருப்பதும் வரிசைதான். அதற்கு முடிவு தேதி கிடையாது.

தேநீர்ப்பிரியன்: புளியரைக்காரரே, முன் அனுமதி பற்றிக் கேட்டீர்களா? என்ன ஆயிற்று?

வல்லநாட்டான்: ஆளையே காணோம்.

புளியரைக்காரன்: அண்ணி போட்டோ எடுத்து அனுப்பினார். காப்பீடு இருக்கிறது, அம்மா பெயரும் இருக்கிறது. ஆனால் இந்த மருத்துவமனை எலும்புப் பிரிவுக்குப் பட்டியலில் இல்லையாம், கட்டணமில்லா எண்ணில் சொன்னார்கள். ஹைகிரவுண்ட் போகிறோம், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அண்ணனும் வருகிறார்.

மருதாணி: போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள்.

ஈரோட்டுக்காரி: இதே திட்டத்தில் டயாலிசிஸுக்கு வாரம் எத்தனை முறை அனுமதி கிடைக்கும்? அப்பாவுக்குக் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை: தனி இழை தொடங்குங்கள். வயது, ஊர், மருத்துவமனை, அட்டை யார் பெயரில் என்பதெல்லாம் முதல் வரியிலேயே இருக்கட்டும்.