கணவனும் மனைவியும் சேர்ந்து பேலியோ: எங்கள் வீட்டில் நடந்தது

தானியம், சர்க்கரையெல்லாம் விட்டுவிட்டுக் கற்கால மனிதன் மாதிரிச் சாப்பிடுகிற பேலியோ உணவுமுறையைத் தனி ஆளாக எடுத்தவர்கள் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எத்தனை கிலோ குறைந்தது, சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்றெல்லாம். ஒரே வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால் என்ன ஆகும் என்று சொன்னவர்கள் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களை இதில் இழுத்துவிட்டது என் வீட்டுக்காரருடைய ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். அவருடையது அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடும் அதிகம். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் சோற்றை நிறுத்திவிட்டு அவித்த முட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எதிரே நான் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிடுவது நடக்கிற காரியமா? "நீயும் இரும்மா, துணைக்கு" என்றார். சரி என்றேன்.

எந்த பேலியோ என்பதிலேயே முதல் தகராறு. அவர் படித்தது கண்டிப்பான வகை, பேலியோ பற்றிப் புத்தகம் எழுதிய லோரன் கார்டெய்ன் போன்றவர்கள் சொல்வது: தானியம், பருப்பு, பயறு, பால், சர்க்கரை எதுவும் கூடாது, உப்புக்கும் கட்டுப்பாடு, இறைச்சி, மீன், முட்டை, காய், பழம், கொட்டை மட்டும். நான் படித்ததோ வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற தாராள வகை. இதற்கு நடுவில் மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் அடக்கிவிடும் கீட்டோவையும் பலர் பேலியோ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு. பேலியோவில் பழமும் தேனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் உண்டு, கீட்டோவில் அவற்றுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கடைசியில் எங்களுக்கென்று ஒரு சட்டம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம்: தானியம், பருப்பு, சர்க்கரை, பால் கிடையாது, வெண்ணெய் உண்டு, பழம் எனக்கு இஷ்டம்போல, அவருக்கு நாளுக்கு ஒன்று. உருளைக்கிழங்கு பற்றிய பேச்சுவார்த்தை முறிந்தது.

முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கியது, குறிப்பாக அவருக்கு. காலையில் எழுந்ததும் எடை பார்க்கும் மெஷினில்தான் நிற்பார். நான் போய் விவரம் படித்துவிட்டு வந்து அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தேன். உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கிறது, மொத்தம் சுமார் அரை கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் முதலில் காலியாவது இந்தக் கையிருப்புதான், கூடவே தண்ணீரும் போய்விடும். ஆரம்பத்தில் போகிற இரண்டு கிலோவில் கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். "தண்ணியோ கொழுப்போ, குறைஞ்சது குறைஞ்சதுதானே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தண்ணீரோடு உப்பும் போகிறது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறையும், இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடும். தலைவலி, எழுந்தால் கிறுகிறுப்பு, ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு, இதற்கெல்லாம் பெரும்பாலும் அதுதான் காரணம். தனி ஆளாக பேலியோ எடுப்பவருக்குத் தலைவலி வந்தால் வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில். கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் சண்டை வந்தது. எலும்பு சூப்பில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக் குடித்த பிறகுதான் வீடு பழையபடி ஆனது. (ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.)

அப்புறம்தான் ஜோடியாகச் செய்வதன் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. ஒரே சமையல், ஒரே நேரத்தில் சாப்பாடு, அவருக்கு எடை இறங்கிக்கொண்டே போகிறது, எனக்கு நின்றுவிட்டது. "நீ ஒழுங்கா இருக்கியா, நடுவுல ஏதாவது சாப்பிடறியா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். வாய் தவறிக் கேட்டதுதான், இருந்தாலும் அன்று அவருக்குச் சமையல் இல்லை. விஷயம் வெறும் கணக்கு. ஓய்வாக இருக்கும்போது உடம்புக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதைக் கணிக்க உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் மிஃப்லின் சூத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: வயது, உயரம், எடை மூன்றும் ஒன்றாகவே இருந்தாலும் ஆணுக்குப் பெண்ணைவிட 166 கலோரி கூட வருகிறது. அவர் என்னைவிட உயரமும் எடையும் கூடுதல், ஆகவே வித்தியாசம் இன்னும் அதிகம். அவர் வயிறு நிறையச் சாப்பிட்டும் குறைகிற அளவு, எனக்கு அப்படியே உடம்பில் தங்குகிற அளவு. பேலியோவில் கலோரி எண்ண வேண்டாம், பசிக்குச் சாப்பிட்டால் போதும் என்று சொல்கிறார்களே, அது அவருக்குச் சரியாக இருந்தது. எனக்குத் தட்டைச் சின்னதாக மாற்றிய பிறகுதான் நகர்ந்தது. பாதாம் 100 கிராமில் 580 கலோரி இருக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே கொறித்தால் ஒரு வேளைச் சாப்பாடு அப்படியே உள்ளே போய்விடும்.

சமையல் வேலையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். தானியம் இருக்கிற வீட்டில் சமைப்பவருக்கு அரிசி பாதி வேலையைச் செய்துவிடும். கழுவிப் போட்டால் தானாக வெந்துவிடும், வயிறும் நிறைந்துவிடும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி, அதே எடை காலிஃபிளவரில் 25. அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு காய் நறுக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் நறுக்கல், மூன்று வேளையும் எண்ணெய்ப் பிசுக்கோடு பாத்திரம்.

சோற்றுக்குப் பதில் காலிஃபிளவரைத் துருவிச் செய்யலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். துருவும்போது பொடிப்பொடியாக மேடை, தரை, மூக்குக் கண்ணாடி வரை பறக்கும். ஒரு முழுப் பூவைத் துருவினால் பாத்திரம் நிறைய வரும், சூடு பட்டதும் பாதியாகிவிடும். மூடி போட்டீர்களோ போச்சு, அந்த ஆவியிலேயே கூழாகிவிடும். அகலமான வாணலியில், தீயைக் கூட்டி வைத்து, மூடாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். சரியாக வந்தால் நன்றாகவே இருக்கும். சோறு மாதிரி இருக்கிறதா என்றால் இல்லை, அதை எதிர்பார்க்காமல் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை.

இறைச்சியும் அப்படித்தான். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்காமல் வாணலியில் போட்டால் வறுபடாது, தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் நிற்கும். இடம் விடாமல் நெருக்கிப் போட்டாலும் அதே கதிதான். மிஞ்சிய கொழுப்பை என் வீட்டுக்காரர் சூட்டோடு பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்ற, அது உள்ளே போய் உறைந்து குழாயை அடைத்துக்கொண்டது. குழாய் சரிசெய்ய வந்தவர் எங்களைப் பார்த்த பார்வை மறக்காது.

அன்றைக்குத்தான் சொன்னேன், "துணைக்கு இருன்னு சொன்னீங்களே, எனக்கும் துணை வேணும், இந்த அடுப்படியில." அதன் பிறகு காலை முட்டையும் எல்லா நறுக்கலும் அவர் வேலை. காய் நறுக்கி டப்பாக்களில் அடைத்து வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார். ஜோடியாக ஆரம்பிக்க நினைப்பவர்கள் என்ன சாப்பிடலாம் என்ற பட்டியலை எழுதுவதற்கு முன் யார் நறுக்குவது, யார் கழுவுவது என்று பேசி முடித்துவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு ஜோடி இதில் பாதியிலேயே விட்டதற்குக் காரணம் சோற்று ஆசை கிடையாது. அந்தப் பெண்ணுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

இன்னொரு ஜோடி கதை வேறு. கணவர் எல்லாம் சாப்பிடுவார், மனைவி சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். பேலியோவில் பருப்பும் பயறும் கிடையாது என்றால் சைவக்காரர்களுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் குறைந்தபட்சம் நாளுக்கு 48 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் பாதாமில் 21 கிராம்தான் இருக்கிறது, அதை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட 230 கிராம் பாதாம், 1,300 கலோரிக்கு மேல். போதாததற்குப் பாதாமில் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்ஸலேட் அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆகாது. அந்த மனைவி பாலாடைக்கட்டி, தயிர் சேர்த்துக்கொண்டு தாராள வகையில் இருக்கிறார், பயறையும் விடவில்லை. அதை பேலியோ என்று சொல்லலாமா என்று அவர் கணவர் கேட்டதாகவும், "பேரு எதுவா இருந்தா என்ன" என்று இவர் சொன்னதாகவும் கேள்வி. நான் இவர் பக்கம்.

கற்கால மனிதன் பேச்சு எங்கள் வீட்டில் தினமும் ஓடியது. விவசாயம் வந்தே சுமார் 10,000 வருடம்தான் ஆகிறது, அதற்குள் உடம்பு தானியத்துக்குப் பழகியிருக்காது என்பது என் வீட்டுக்காரர் வாதம். இந்த யோசனையை மருத்துவ உலகில் பரவலாகப் பேச வைத்தது 1985-இல் மருத்துவர் பாய்ட் ஈட்டனும் மானுடவியலாளர் மெல்வின் கானரும் எழுதிய ஒரு கட்டுரை. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் கிடைத்த சுமார் 30,000 வருடப் பழைய அரைக்கும் கற்களில் தாவர மாவுத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜோர்டானில் 14,000 வருடத்துக்கு முந்தைய அடுப்பில் கருகிய ரொட்டித் துண்டுகளே கிடைத்தன, விவசாயம் தொடங்குவதற்கு முன்னாலேயே. இதை வாசித்துக் காட்டியபோது, "அவனுக்கும் சுகர் இருந்திருக்கும்" என்றார். இந்த மனிதரோடு வாதாடி என்ன ஆகப்போகிறது. என்னைக் கேட்டால் இந்த உணவு வேலை செய்வதற்குக் கற்காலம் வரை போக வேண்டியதில்லை. இனிப்பு, மைதா, பாக்கெட் தீனி மூன்றும் வீட்டை விட்டுப் போனால் பாதிப் பலன் அதிலேயே வந்துவிடும், மீதி புரதம் வயிற்றில் நிற்பதால்.

வெளியே விருந்துக்குப் போவது பெரிய தொல்லையாக இருக்கவில்லை, இரண்டு பேராக இருப்பதில் அது ஒரு லாபம். ஒருவர் மறுத்தால் உபசாரம் செய்வார்கள், இருவரும் சேர்ந்து மறுத்தால் விட்டுவிடுகிறார்கள். பாக்கெட் உணவில்தான் ஏமாறுவோம்: சாசேஜ், சாஸ் எல்லாவற்றிலும் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், சோளமாவு என்று சர்க்கரையோ மாவுச்சத்தோ ஏதாவது பெயரில் ஒளிந்திருக்கும்.

வயிற்றுப் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். தானியமும் பருப்பும் போனால் நார்ச்சத்தும் போய்விடும். பெண்களுக்கு நாளுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 38 கிராம் என்று பரிந்துரைக்கிறார்கள், வெறும் முட்டையும் இறைச்சியும் சாப்பிட்டால் அதில் ஒரு கிராம்கூடச் சேராது. மலச்சிக்கல் வந்து இரண்டு பேரும் கழிவறைக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட நாட்கள் உண்டு. கீரையும் காயும் தட்டில் பாதிக்கு ஏறிய பிறகு சரியானது.

சில மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை. அவருடைய ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே வந்துவிட்டது, டிரைகிளிசரைடும் நன்றாக இறங்கிவிட்டது. கெட்ட கொழுப்பு என்பார்களே, அந்த எல்டிஎல் மட்டும் ஏறியிருந்தது. குறைந்த மாவுச்சத்தோடு வெண்ணெயும் கொழுப்பான இறைச்சியும் அதிகம் சேரும்போது சிலருக்கு இப்படி ஏறும். மருத்துவர் பேலியோவை நிறுத்தச் சொல்லவில்லை, வெண்ணெயைக் குறைத்து மீன், கொட்டை, ஆலிவ் எண்ணெய்ப் பக்கம் போகச் சொன்னார். எனக்கு எல்லாமே பழையபடி, எடை மட்டும் கொஞ்சம் குறைவு.

ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தயவுசெய்து துணைக்கு என்று அப்படியே குதித்துவிடாதீர்கள். இன்சுலினோ, உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளோ எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை என்றால் ரத்தத்தில் அமிலம் கூடுகிற ஆபத்து வேறு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை மாறும். கணவனுக்கு ஒத்துவந்தது மனைவிக்கும் ஒத்துவரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, இருவரும் தனித்தனியாக மருத்துவரைப் பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் கண்டிப்பு போய்விட்டது. அவர் ராத்திரி தானியம் தொடுவதில்லை, பகலில் கொஞ்சமாகச் சோறு. நான் பருப்பையும் தயிரையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், கால்சியம் நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறபோது பாலையும் தயிரையும் விட்டுவிட்டுக் கீரையிலேயே அதை எடுப்பது எனக்கு முடியவில்லை. நறுக்கல் இன்னும் அவர் வேலைதான். எல்டிஎல்லை அடுத்த மாதம் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், வந்ததும் எழுதுகிறேன். யாராவது வெண்ணெயைக் குறைத்து எல்டிஎல் இறங்கியவர்கள் இருந்தால், அதற்குப் பதில் என்ன சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள், வீட்டில் காட்ட எனக்கு ஆதாரம் தேவைப்படுகிறது.