சுத்திகரித்த கழிவுநீரைக் குடித்தவர்களும் குடிக்கத் தயங்கியவர்களும்: ஆந்திர எல்லை ஊர்களான நகரி, குப்பம், தடாவிலிருந்து மூவர் எழுதிய அனுபவங்கள்

நகரி தறிக்காரர்:

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஆறு வருடம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் விடுதி ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி நியூவாட்டர் பார்வையாளர் மையத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஊர்ச் சாக்கடைத் தண்ணீரை வழக்கமாகச் சுத்திகரிப்பதோடு விடாமல், மேலும் மூன்று படி ஏற்றுகிறார்கள்: நுண்வடிகட்டி, ஆர்ஓ, கடைசியில் புற ஊதா விளக்கு. 2003 முதல் இது நடக்கிறது. பெரும்பகுதி மின்னணுச் சிப் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும். மழை குறைந்த மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்தம் செய்து குழாயில் விடுவார்கள்.

கிளம்பும்போது ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்கள். மூடியைத் திறக்காமலே பஸ் ஏறியவர்கள்தான் அதிகம். நானும் விடுதிக்கு வந்து, ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் குடித்தேன். ஒரு ருசியும் இல்லை. உப்புச் சத்தெல்லாம் போய்விட்டதால் மழைத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்த மாதிரி இருந்தது.

காலி பாட்டிலை ஊருக்குக் கொண்டுவந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா அதைக் கீழே வைத்துவிட்டு, "இதையாடா குடிச்ச?" என்று போய்க் கையைக் கழுவினார்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் தெருக் கால்வாயைக் காட்டி, "இது எங்கம்மா போகுது?" என்று கேட்டேன். நூலுக்குச் சாயம் போடுகிற நாளில் அது சிவப்பாக ஓடும், நீலமாக ஓடும். மழை வந்தால் நகரி ஆற்றில் சேரும். நகரி ஆறு கொசஸ்தலையில் சேரும், கொசஸ்தலை பூண்டி ஏரிக்குப் போகும். 1944-ல் கட்டிய அந்த ஏரியிலிருந்தும்தான் மெட்ராஸ் குடிக்கிறது. எங்கள் சித்தி பெரம்பூரில் இருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நடுவுல யாருடா பாக்குறா?" என்றார்.

ஏரித் தண்ணீரைச் சுத்திகரிக்காமலா விடுகிறார்கள் என்று கேட்கலாம். சுத்திகரிக்கிறார்கள்தான். ஆனால் வழக்கமான குடிநீர் நிலையம் கலங்கலையும் கிருமியையும் எடுப்பதற்காகக் கட்டியது. தண்ணீரில் கரைந்துபோன சாயம் அதற்குப் பெரிதாகப் பிடிபடாது. கழிவுநீரைக் குடிப்பதா என்று சண்டை போடும் நாம், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் கழிவை இன்னொருவர் ஏற்கெனவே குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சிங்கப்பூரில் அதைச் சொல்லிவிட்டு, அளந்து பார்த்துக் கொடுக்கிறார்கள்.

குப்பத்துத் தங்கை:

என் அக்காவைக் கோலார் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். வீட்டு போர் 1,200 அடி. தண்ணீரில் ஃப்ளோரைடு. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பல்லில் பழுப்புக் கறை. காய்ச்சினால் சரியாகும் என்று நம்பி வருடக்கணக்கில் காய்ச்சியே கொடுத்தாள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகவே போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

2018-ல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகளுக்கு வர ஆரம்பித்தது. வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு ஏரியில் நுரை பொங்கியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நடுவில் நின்ற தண்ணீர் பிறகு மறுபடி வந்தது. அக்கா ஊர் ஏரி நிறைந்த அன்று போன் பண்ணி அழுதாள். வாழப்போனதிலிருந்து அந்த ஏரியில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை அவள். பக்கத்துக் காட்டுக் கிணறு ஊறுகிறது, தக்காளி போட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் குடிக்க இன்றும் ஐந்து ரூபாய்க் காசு போட்டுப் பிடிக்கிற ஆர்ஓ கேன்தான். ஏரிக்கு வருவது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு, அதாவது பாக்டீரியாவை விட்டு அழுக்கைத் தின்ன வைப்பதோடு, நின்ற தண்ணீர். இது குடிப்பதற்கு இல்லை, நிலத்தடி நீர் ஊறுவதற்குத்தான் என்கிறார்கள். அந்த நிலத்தடி நீரைத்தானே ஊரே குடிக்கிறது? என் கோபம் இதில்தான். தண்ணீர் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. மேலும் வடிகட்டிக் கிருமி நீக்கும் மூன்றாவது கட்டத்தையும் முடித்து அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தடா ஷிப்ட் ஆபரேட்டர்:

நகரி அண்ணன், உங்கள் அம்மா கேட்ட கேள்விதான் என் தினசரி வேலை. தொழிற்பேட்டை ஒன்றில் கழிவுநீர் பிளான்ட் பார்க்கிறேன். ஒவ்வொரு ஷிப்டிலும் கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று ஊதுகிற தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். சேறு எந்தக் கோடு வரை இறங்கியது, மேலே நிற்பது தெளிவா கலங்கலா என்று பார்த்தாலே உள்ளே பாக்டீரியா நலமா இல்லையா தெரிந்துவிடும்.

ஆர்ஓவில் கவனிக்க வேண்டியது கடத்துத்திறன் மீட்டர். தண்ணீரில் கரைந்த உப்பு கூடினால் அதில் எண் ஏறும். எங்களுடையது 40 பக்கத்தில் நிற்கும். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு 95 காட்டியது. கழற்றிப் பார்த்தால், குழாய் இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் மடங்கி, உள்ளே போன தண்ணீரில் கொஞ்சம் வடிகட்டாமலே வெளியே வந்துகொண்டிருக்கிறது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத வளையம். எங்கள் தண்ணீர் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும்தான் போகிறது, அதனால் பிழைத்தோம். குடிநீராக இருந்தால் எண் ஏறிய நொடியே வால்வு தானாகத் திரும்பித் தண்ணீரை ஒதுக்க வேண்டும். ஓர் ஆபரேட்டர் விழித்திருப்பதை நம்பி ஓர் ஊர் குடிக்கக் கூடாது.

நமீபியாவின் விண்டூக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு நேரடியாகவே கலக்கிறது. ஒரு தடுப்பு தவறினால் அடுத்தது பிடிக்கும்படி வரிசையாகப் பல தடுப்புகள். நமக்கும் இது எட்டாத வித்தை இல்லை. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் ஆர்ஓ வரை சுத்திகரிக்கிற நிலையங்கள் ஓடுகின்றன. அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்கு.

நகரி தறிக்காரர்:

தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரப்பர் வளையம் மடங்கிய இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "அந்த மீட்டரு நம்பரை ரேஷன் கடை போர்டு மாதிரி தெருவுல எழுதிப் போட்டா நான் குடிக்கிறேன், கேட்டுச் சொல்லு" என்கிறார். உங்கள் பிளான்ட்டில் அது வெளியாள் பார்க்கிற இடத்தில் இருக்கிறதா?