கிங் ஸ்நேக் எதைத் தின்கிறது: கண்டவர்களும் வளர்ப்பவர்களும் பகிர்ந்தவை

கலிபோர்னியாவில் மலையடிவாரப் பாதை ஒன்றில், கறுப்பு வெள்ளைப் பட்டைகளுடைய கிங் ஸ்நேக் (அமெரிக்காவில் வாழும் ஒரு பாம்பு; ராஜநாகம் அன்று) ஒன்று தன் பருமனுக்குச் சற்றும் குறையாத கிலுகிலுப்பைப் பாம்பை, அதாவது வாலை ஆட்டி ஒலியெழுப்பும் நச்சுப் பாம்பை, விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன். இரையின் கழுத்தருகே கவ்வியபடி உடலைச் சுற்றி இறுக்கிய அது, இரை திருப்பிக் கடித்தபோதும் பிடியைத் தளர்த்தவில்லை. நஞ்சற்ற பாம்பேயானாலும், கிலுகிலுப்பைப் பாம்பு போன்ற குழிவிரியன்களின் நஞ்சைப் பெருமளவு தாங்கும் திறன் இதற்கு உண்டு. தலையிலிருந்து விழுங்கத் தொடங்கியதும் இரையின் உடல் உள்ளே அலையலையாக மடிந்துகொண்டே சென்றது. தன்னைவிட நீளமான பாம்பைக்கூட இதனால் வயிற்றில் அடக்க முடிவது இவ்வாறுதான். கடைசியில் வால்நுனிக் கிலுகிலுப்பை மட்டும் வாயோரம் சிறிது நேரம் நீட்டிக்கொண்டிருந்தது.

பாம்பு மட்டுமே இதன் உணவன்று. பல்லி, எலி, பறவை, முட்டை என்று அகப்பட்டதையெல்லாம் உண்ணும்; அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் உள்ளவை ஆமை முட்டைகளையும் தேடித் தின்னும்.

— மறுமொழி —

ஐயா, தாங்கள் கண்டது அரிய காட்சி. இவ்வினத்தை வளர்க்கும் எனக்கு அத்தகைய காட்சி வாய்ப்பதில்லை. உறையவைத்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் நீட்டுவதோடு முடிந்துவிடும். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்தும் என்பதால் அதை நான் தவிர்க்கிறேன். குட்டிகளுக்கு வாரம் ஒருமுறை மயிர் முளைக்காத எலிக்குஞ்சும், வளர்ந்தவற்றுக்கு வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை உடற்பருமனுக்கேற்ற எலியும் போதும். காட்டில் பல்லியையே நாடும் சில வகைகளின் குட்டிகள் எலிக்குஞ்சை ஏறிட்டும் பார்ப்பதில்லை; அதன் மேல் பல்லியின் மணத்தைத் தேய்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. இயற்கை உணவு என்று காட்டில் பிடித்த பாம்புகளைப் போடுவோரும் உண்டு. ஒட்டுண்ணிகளை வீட்டுக்குள் வரவேற்கும் அந்த வேலை எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரண்டு கிங் ஸ்நேக்குகளை ஒரே பெட்டியில் விடக்கூடாது என்பது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். எலி மணம் ஒட்டிய கையை உள்ளே நீட்டினாலும் கடி நிச்சயம். பசி மும்முரத்தில் பாம்பு தன் வாலையே கவ்வியதும் உண்டு.

— மறுமொழி —

பெட்டியின் மூடியை இறுக மூடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நண்பரே. வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிபோர்னியக் கிங் ஸ்நேக்குகள் ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் பெருகி, அத்தீவுக்கே உரிய பெரும்பல்லிகளைத் தின்று, பல இடங்களில் அவற்றை ஏறத்தாழ இல்லாமலே ஆக்கிவிட்டன.