எலக்ட்ரிக் சைக்கிள் ஓட்டுனா உடற்பயிற்சி ஆகுமா?

காரைக்குடிக்காரன்: அப்பச்சிக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லிருக்காரு, ஆனா மூட்டு வலி, குன்றக்குடி வரைக்கும் போய்வர எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாம்னு பாக்குறோம், மோட்டாரே இழுத்துட்டுப் போனா என்னண்ணே பயிற்சி இருக்கும்?

கோட்டையூரான்: பெடல் அசிஸ்ட்டா பாத்து வாங்குங்க தம்பி, மிதிச்சாத்தான் மோட்டார் உதவும். திராட்டில் மட்டும் முறுக்கிட்டுப் போனா மொபெட்தான்.

பள்ளத்தூர் ஆச்சி: அதே தூரத்துக்கு சாதா சைக்கிள்லதான் கலோரி அதிகம் செலவாகும், ஆனா நம்மூரு வெயில்லயும் எதிர்காத்துலயும் அது சீக்கிரமே திண்ணையில சாஞ்சிரும்ப்பா. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அசிஸ்ட்டைக் குறைச்சு வச்சு லேசா மூச்சு வாங்குற மாதிரி மிதிச்சா அந்தக் கணக்குல சேரும்.

தேவகோட்டை சைக்கிள்: சீட் உயரத்தை சரியா வைங்க, தாழ்ந்திருந்தா முட்டிக்குத்தான் பாரம்.